பாதிச் சம்பளம்

"இன்னைக்கு ஒருத்தரும் ஒரு சிப்பியைத் தொடக் கூடாது!" என்று ராவிரி மேசையில் குத்தினான்.

தேநீர் இடைவேளை முடிந்தும் ஹேவ்லாக் சிப்பித் தொழிற்சாலையில் யாரும் எழுந்திருக்கவில்லை. தொழிலாளர் பிரதிநிதி ராவிரிக்கு ஏற்கெனவே நாக்கு நீளம். நியாயம் என்று வந்துவிட்டால் இன்னும் ஒரு முழம் கூடும்.

"பக்கவாதத்துல படுத்த தமாட்டி அண்ணனுக்குப் பாதிச் சம்பளம் குடுத்துட்டு வந்தாரு நம்ம முதலாளி நெவில். அதை நிறுத்தி ரெண்டு மாசமாச்சாம்! இப்பத்தான் எனக்கே தெரியும். இருபது வருஷம் உழைச்ச மனுஷன் கறிவேப்பிலையா?"

"புதுப் படகு வாங்க மட்டும் காசிருக்கு!" என்றாள் லூபே.

"எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு," என்றது பின்வரிசை.

நெவில் கதவருகே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாயே திறக்கவில்லை. பேசாதவன் தலையில்தானே பழி ஏறும்?

எல்லோருக்கும் கேட்கும்படி, தமாட்டியின் மனைவி மெரேவுக்குப் போன் போட்டான் ராவிரி.

"மெரே அக்கா, உங்களுக்காக வேலையை நிறுத்தப் போறோம்! அண்ணன் சம்பளம் திரும்பி வர்ற வரைக்கும்..."

"அட பைத்தியக்காரா! வேணாம்னு சொன்னதே நான்தான்டா!"

எல்லோரும் போனருகே நகர்ந்தார்கள்.

"நெவில் குடுக்கிறதை வருமானம்னு கணக்குப் போட்டு, உடம்புக்கு முடியாதவங்களுக்குத் தர்ற உதவித்தொகையை வெட்டிட்டாங்க. வாடகை உதவியும் குறைஞ்சுபோச்சு. நெவில் குடுக்க, அரசாங்கம் மிச்சம் பிடிக்க, எங்க வீட்டுக்கு ஒரு ரொட்டி கூட அதிகமா வரலை. நிறுத்திடுங்கன்னு நான்தான் கெஞ்சினேன்."

ராவிரி நெவிலைப் பார்த்தான். "இதை நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"அவங்க வீட்டு விஷயத்தை நான் எதுக்குப்பா ஊருக்குச் சொல்லணும்?"

போனில் மெரே விடவில்லை. "காசு வேணாம்னா வேற என்ன செய்யட்டும்னு கேட்டார்டா. இப்ப ஞாயிறுதோறும் வந்து, உங்க அண்ணனைத் தூக்கி உட்கார வச்சு, குளிப்பாட்டி, ஷேவ் பண்ணி விட்டுட்டுப் போறார். அதை எந்த ஆபீஸும் வெட்ட முடியாது பாரு!"

நெவிலுக்குக் காது சிவந்துவிட்டது. லூபே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மனிதரை இப்படிப் பேசிவிட்டோமே என்று எல்லோருக்கும் உறுத்தியது. உறுத்தட்டும்.

"மத்த நாளெல்லாம் நானே தூக்கி என் இடுப்பு போச்சுடா ராவிரி. வாரத்துல இன்னும் ஒரு நாள், ஒரு மணி நேரம், யாராவது கைகுடுத்தா போதும். இத்தனை பேர் இருக்கீங்களே... யாரு வர்றீங்க?"

அத்தனை பேரும் தங்கள் காலிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

ராவிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அக்கா... நாங்க எல்லாரும் சேர்ந்து ஏதாவது காசு போட்டு அனுப்பிடறோமே?"