கூப்பிட்டால் சம்பளம்

"அந்த சிஸ்டரேதான் அழுத்தறா. வேணும்னா பந்தயம்!" என்றாள் மருமகள்.

ஹாலில் மாட்டியிருந்த பெல் நேற்று ராத்திரியும் அடித்திருந்தது. ஒரே ஒரு தடவை. முந்தின நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

பெல்லுக்கான பட்டன் பெரியவரின் தலையணை ஓரத்தில் கிடக்கும். அவரைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டருக்குப் படுக்கை அடுத்த அறையில். இரண்டாம் தடவை பக்கவாதம் வந்து அவர் படுத்த படுக்கையான பிறகு, ஆஸ்பத்திரியில் சொன்னார்களே என்று வாங்கி மாட்டியது. இத்தனை மாதத்தில் ராத்திரி அது வாயே திறந்ததில்லை. ஒரு வாரமாகத்தான் இந்தக் கூத்து.

மகனுக்கும் சந்தேகம் குடைந்தது. குடையாதா பின்னே? போன வாரம்தான் சிஸ்டரை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் வந்து, புதுச் சட்டம் என்று ஒன்றை விளக்கிவிட்டுப் போயிருந்தார்.

"வீட்டோட தங்கிப் பார்த்துக்கறவங்க ராத்திரி தூங்கிட்டா, சின்னதா ஒரு படி கொடுத்தாப் போதும் சார். ஆனா நடுவுல ஒரு தடவை கூப்பிட்டு எழுப்பினாலும் போச்சு. அந்த ராத்திரி பூராவும் வேலை நேரம். முழுச் சம்பளம் கொடுத்தாகணும்."

"எங்கப்பா கும்பகர்ணன் சார். கூப்பிடவே மாட்டார்" என்றான் மகன்.

சிஸ்டர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கூப்பிடாமலே நான் எழுந்தா சார்?"

"கூப்பிடாம எழுந்தா உங்க தூக்கம் கெடும். அவ்வளவுதான்!"

மகன் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டான். பேச்செல்லாம் பெரியவரின் கட்டில் பக்கத்திலேயே நடந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனைக்கும் மகன் லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவு. ராத்திரி ஒரு போன் வந்தால் படுத்துக்கொண்டே, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் ஓவர்டைம் கேட்கிற ஆசாமி. அது வேறு விஷயமாம்!

"தினமும் ஒரே ஒரு தடவை. ஒண்ணே போதும்னு தெரிஞ்சு வெச்சிருக்கா பாருங்க, கெட்டிக்காரி" என்றாள் மருமகள்.

"அப்பாகிட்டயே கேட்டுடலாமா?"

"கேட்டா மட்டும்? அவளுக்குத்தான் பரிஞ்சு பேசுவார். அவ ஊட்டினாத்தானே அவருக்குச் சாப்பாடே இறங்குது."

கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று நேற்று ராத்திரி ஹால் சோபாவில் காவல் உட்கார்ந்தவன்தான் மகன். பெல் சத்தம் கேட்டுத்தான் கண்ணையே திறந்தான். அப்படிக் காவல்! விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினால், கட்டில் பக்கத்தில் சிஸ்டர். கையில் பட்டன்.

"கீழ விழுந்துடுச்சு சார், எடுத்து வைக்கறேன்" என்றார்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்தாலும் காலையில் சிஸ்டர் குளிக்கப் போன நேரம் பார்த்து, மகன் பட்டனை எடுத்து அப்பாவின் கையில் வைத்தான்.

"எங்கே, அழுத்துங்கப்பா பார்ப்போம்."

பெரியவர் மகன் முகத்தையே பார்த்தார். விரல்கள் லேசாக நடுங்கின. மடங்கவில்லை. பட்டன் நழுவிப் போர்வையில் விழுந்தது.

போதுமே! அதை எடுத்துப் பழையபடி தலையணை ஓரத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

"சிஸ்டர், இங்க வாங்க. ராத்திரி பெல்லை அடிக்கறது யாரு?"

"ஐயாதான் சார். என்னங்கய்யான்னு ஓடிப்போய்க் கேட்டா, ‘ஒண்ணுமில்ல, போய்ப் படும்மா’ங்கறார்."

"அந்தக் கையாலயா?"

சிஸ்டர் முழித்தார். "அதான் சார் எனக்கும் புரியல."

"அடேயப்பா, நடிப்பைப் பாருங்களேன்!" என்றாள் மருமகள்.

"பணம் வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?" என்றான் மகன்.

சிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் போயிடறேன் சார். ஏஜென்சியில மட்டும் இப்படிச் சொல்லிடாதீங்க. திருடின்னு பேர் வந்துட்டா அப்புறம் யாரும் என்னை வீட்டு வாசல் மிதிக்க விடமாட்டாங்க. எனக்கு இதை விட்டா வேற தொழில் தெரியாது."

"சொல்லாம? நாளைக்கு இன்னொரு வீட்டுல போய் அழுத்தவா?" மகன் ஏஜென்சி நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

சிஸ்டர் உள்ளே போய்த் துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். மருமகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"மதியம் ஐயாவை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்மா. மறந்துடாதீங்க."

அப்போதுதான் ஹாலில் பெல் அடித்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேருமே ஹாலில்தான் இருந்தார்கள்!

உள்ளே ஓடினார்கள்.

பெரியவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, பட்டனைத் தலையணையோடு சேர்த்து முகவாயால் அமுக்கிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, கடைவாயில் எச்சில் வழிந்தது.

"அப்பா, நீங்களா? ஒண்ணும் வேண்டாம்னா எதுக்குப்பா தினமும் அடிக்கறீங்க?"

பெரியவருக்குப் பேச்சு குழறும். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும்.

"ராத்திரி... இவ நாலஞ்சு தடவை எழுந்து வர்றா. புரட்டிப் படுக்க வைக்கறா. முதுகுல ஒரு புண்ணு உண்டாடா? நான் கூப்பிட்டதே இல்ல."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"கூப்பிடாம வர்றவளுக்குச் சம்பளம் கிடையாதுன்னு நீதானேடா சொன்னே? அதான்... ஒரு தடவை கூப்பிட்டுடறேன்."