சாதுக் கிளாத்தி

எழுவைதீவிலிருந்து காலைப் படகில் வந்த மூன்று வாளிகளிலும் ஒவ்வொரு கிளாத்தி மீன் கிடக்கிறது. பவளமும் குட்டி மீன்களும் வாழும் கண்ணாடித் தொட்டிக்கு, அவற்றைக் கடிக்காத ஒன்றைத் தெரிவுசெய்ய, சரவணமுத்து ஒவ்வொரு வாளிக்குள்ளும் உயிர் இறாலொன்றை விடுகிறார். முதலிரண்டும் அதைக் கடித்து நொறுக்குகின்றன. அவற்றைத் தூக்கிச் சீமெந்து முற்றத்து வெயிலில் எறிகிறார். முதுகு முள் விறைக்க அவை உறுமி உறுமித் துள்ளுகின்றன. மூன்றாவது, இறால் முகத்தில் உரசியும் அசையவில்லை. "இதுதான் சாது. எல்லாத்தோடையும் ஒத்துப்போகும்," என்கிறார். குனிந்து பார்க்கும் மருமகள் நிருஜாவுக்குத்தான் தெரிகிறது, தூண்டில் அதன் தாடையைக் கிழித்திருப்பது. "மாமா, இதுக்கு வாய் கிழிஞ்சு போச்சுது. சாப்பிட ஏலாது, செத்துப்போகும்." "உம்மட்டை ஆர் கேட்டது?" அவள் வாயை மூடிக்கொள்கிறாள். முற்றத்தில் உறுமல் ஓய்கிறது. மீனைத் தொட்டிக்குள் நழுவவிட்டுக் கையைத் துடைத்தபடி அவர் சிரிக்கிறார்: "உம்மையும் மகனுக்கு இப்பிடிப் பாத்துத்தானே எடுத்தனாங்கள்."