ஒரே பாதை

“இஞ்சாருங்கோ, திரும்பிப் போக வேற பாதை இல்லையோ?” என்று மறுபடியும் கேட்டாள் பத்மராணி.

“இந்தப் பாலைவனத்தில ஒரு பாதை போட்டதே பெரிய விசயம், ராணி,” என்றார் அரியரட்ணம், காரை ஓட்டியபடியே.

நீண்ட விடுமுறை என்று ஹூஸ்டனிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டி, டெக்சாஸின் கடைக்கோடிக்கு வந்திருந்தார்கள். ஓர் ஆறு மலையை இரண்டாக அறுத்துப் போட்ட இடம். இந்தப் பக்கச் சுவர் அமெரிக்கா, எதிர்ச்சுவர் மெக்சிகோ. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தாலும் பொழுது நன்றாகத்தான் போனது. இன்று காலை பெட்ரோல் போட்ட இடத்தில்தான் கடைக்காரி அந்தக் குண்டைப் போட்டாள்: திரும்பும் வழியில் குடிவரவு அதிகாரிகள் மறிப்பார்களாம், ஒவ்வொருவரிடமும் கிரீன் கார்ட் கேட்பார்களாம்.

பின்சீட்டில் அவள் தம்பி செல்வமணி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த பிள்ளை. அன்றிலிருந்து மூன்று வருடமாக இவர்களோடுதான் இருக்கிறான். விசா எப்போதோ முடிந்துவிட்டது. கிரீன் கார்டுக்குக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே இந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாதா?

அவனை டிக்கியில் படுக்க வைப்போமா என்று கேட்டாள். அதற்குள் ஐஸ் பெட்டி படுத்திருக்கிறது என்று சிரித்தார் மனுஷன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த இடத்துக்குப் போவோம் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவர்தான். பெண்சாதியின் தம்பிக்குச் சோறு போட்டது அலுத்துவிட்டதோ? கட்டியவரைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாதுதான். ஆனால் பயந்த மனசு எங்கேதான் போகாது!

வளைவு தாண்டியதும் பச்சைச் சட்டைக்காரர்கள் தெரிந்தார்கள்.

அதிகாரி குனிந்து, முன்னால் இருந்த இருவரின் கார்டுகளையும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு பின்சீட்டைக் காட்டினான். பத்மராணி கண்ணை இறுக மூடி முருகனைக் கூப்பிட்டாள்.

செல்வமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். பர்ஸிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான். அதிகாரி அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கை காட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் பின்னால் திரும்பினாள். “கள்ளக் கார்டோடா?”

“நல்ல கார்ட்தான் அக்கா. சித்திரையிலேயே வந்திட்டுது.”

அவள் அழுதாள், சிரித்தாள், எட்டி அவன் முழங்காலில் ஓர் அடி போட்டாள். இத்தனை வெள்ளிக்கிழமை விரதம் யாருக்காக இருந்தேன் என்று கேட்டாள். “ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “கார்ட் வந்திட்டுதெண்டால், இனித் தனிய போய் இரு எண்டு அத்தான் சொல்லிப்போடுவார். எனக்கு உங்களை விட்டிட்டுப் போக விருப்பமில்லை.”

அரியரட்ணம் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சித்திரையில அந்தத் தபாலைத் தடவிப் பாத்து, உள்ளுக்குக் கார்ட் எண்டு விளங்கி, நீயே எடுக்கவேணும் எண்டு திரும்பப் பெட்டிக்குள்ள வைச்சது நான்தான். கார்ட் இல்லாத பெடியனை இந்தப் பாதையால கொண்டு வருவனோ?” என்றார். “வாயைத் திறந்தா நீ வேற வீடு பாத்துப் போயிடுவாய் எண்டுதான், நானும் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான்.”