முதல் நாள் ஆமென்

"இதைத்தான் குறுந்தகடாப் போடணும்னா அதுல என் பேரைப் போடாதீங்க மாமா!" ஒலிப்பதிவுக் கூடத்தில் மச்சினன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

தேவாலயத்தில் நூறு பேர் சேர்ந்து பாடும் பெரிய திருப்பலி இசை அது. முன்பொரு சமயம் ஒரே குழு அடுத்தடுத்து இரண்டு நாள் பாடியிருந்தது. இரண்டையும் பதிவு செய்தவன் அவன்தான். காலையிலிருந்து அவனும் மாமாவும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முதல் நாள்தான்," என்றார் அவர்.

"காது அடைச்சுப் போச்சா உங்களுக்கு? எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எவளோ ஒருத்தி மட்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி முந்திக்கிட்டு 'ஆமென்'ங்கிறா! ரெண்டாவது நாள்ல ஒரு பிசிறு உண்டா?"

"இல்ல. அதான் எனக்கு ஆத்திரம்."

"அக்கா போய் ஒரு வருஷம் ஆகுது. அவ நினைவா வர்றது அரைகுறையாவா இருக்கணும்? ரெண்டு நாளும் அவ பாடியிருக்கால்ல?"

அவர் மேசையை ஓங்கி அறைந்தார்.

"ரெண்டாவது நாள் எங்கடா பாடுறா? அந்த நூறு குரல்ல அவளைத் தேடி எடுத்துக் குடு பாப்போம்! முதல் நாள் வீட்டுக்கு வந்து, 'முந்தினது நான்தான், மானம் போச்சு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு அழுதாடா. சொந்த அக்கா குரல் தெரியல, நீயெல்லாம் ஒரு தம்பி!"

மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதல் நாள் பதிவை அந்த இடத்துக்கு நகர்த்தி ஓடவிட்டான்.

இந்த முறையும் அவள் காத்திருக்கவில்லை.