பச்சைப் புள்ளி

காஞ்சனாவுக்குக் காலையிலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க வந்து பாரு சுனில், இந்த அக்கிரமத்தை."

பக்கத்து மேஜை சுனில் எட்டிப் பார்த்தான். எல்லோரும் சேர்ந்து நிரப்பும் டெஸ்பாட்ச் ஷீட் திரையில் திறந்திருந்தது. மேலே ஆரோக்கியமேரியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவள் பார்க்கவேண்டிய வரிசையில் கட்டம் கட்டமாக எண்கள் விழுந்துகொண்டிருந்தன.

"மேரி அக்காவோட வீட்டுக்காரர் ஐசியூல கிடக்கிறார். ஆஸ்பத்திரியில உட்காரவெச்சு வேலை வாங்குறாங்க. மனுஷங்களா இவங்க?"

செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் இருக்கும் அந்தப் பம்ப் கம்பெனியில், போன மாதம்வரை ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் வேலை. ஃபைல் எல்லாம் அந்தந்த மேஜைக் கம்ப்யூட்டருக்குள் கிடக்கும். மாதாப்பூர் ஹெட் ஆபீஸ் உத்தரவு போட்டு எல்லாவற்றையும் பிரவுசருக்கு மாற்றிவிட்டது. எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பச்சைப் புள்ளியைப் பார்த்தாலே எல்லோருக்கும் தெரியும். வசதிதான், முதலாளிக்கு.

"முன்னெல்லாம் லீவுன்னா லீவு. இப்ப ஆபீஸையே பின்னாடி அனுப்பி வெச்சுடுறாங்க."

"நக்கோ அக்கா, வேணாம். மேனேஜர்கிட்ட நமக்கு எதுக்கு வம்பு?" என்றான் சுனில். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன்.

காஞ்சனா கேட்கவில்லை. ஷீட்டின் ஓரத்தில் இருந்த சாட்டில் தட்டினாள்: 'அக்கா, மூடிவெச்சுட்டு அண்ணனைப் பாருங்க. சார்கிட்ட நான் பேசிக்கிறேன்.'

எண்கள் சட்டென்று நின்றன. பதில் வரவில்லை. போன் போட்டாள். மேரி எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எண்கள் மறுபடியும் விழ ஆரம்பித்தன.

"பாரு, எவ்வளவு மிரட்டி வெச்சிருந்தா இப்படிப் பயப்படுவாங்க!"

விறுவிறுவென்று போய், தட்டாமலே மேனேஜர் சந்தானத்தின் கதவைத் திறந்தாள்.

"சார், உங்க வீட்ல ஒருத்தர் இப்படிக் கிடந்தா நீங்க லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போவீங்களா? கொஞ்சமாவது இரக்கம் வேணாம்?"

சந்தானம் பதறிப்போய் லேப்டாப்பை மூடப் பார்த்தார். அதற்குள் காஞ்சனா பார்த்துவிட்டாள். அதே டெஸ்பாட்ச் ஷீட். உள்ளே வந்திருப்பவர் பெயர் ஆரோக்கியமேரி. ஓரத்தில் அவள் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது.

"கதவைச் சாத்துங்கம்மா" என்றார். "மேரிக்கு லீவு ஒண்ணுகூட பாக்கியில்லை. அவங்க பேர்ல யாரும் உள்ள வரலைன்னா, ஹெட் ஆபீஸ்ல வேற ஆளைப் போட்டுடுவாங்க. அதான் பாஸ்வேர்டை வாங்கி நானே பண்ணிட்டிருக்கேன். வெளிய சொல்லிடாதீங்க."

காஞ்சனாவுக்கு முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் வாய் விடவில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். ஆளுக்குக் கொஞ்சம் செஞ்சிருப்போமே."

சந்தானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மேரி ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே மீட்டிங்ல கேட்டேனேம்மா. 'என் வேலையே தலைக்கு மேல கிடக்கு'ன்னு முதல்ல சொன்னது நீங்கதானே?"