ரொறன்ரோவா, ஹாலிஃபாக்ஸா?

பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்குக் கனடாவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கத்தான் விமலநாதன் ஜேர்மனியின் பீலெஃபெல்டிலிருந்து ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"ஹாலிஃபாக்ஸிலை படிப்பு நல்லதாம், அக்கா. ஆனா அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"பிறகென்ன யோசினை? ரொறன்ரோவுக்கே அனுப்பு, தம்பி. என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மாதான் கிடக்குது. மாப்பிள்ளையும் பார்த்து வச்சிருக்கிறன். இஞ்சினியர், சொந்த வீடு!"

"நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ அக்கா..."

"நீ சாதகத்தை மட்டும் அனுப்பு."

"மாப்பிள்ளை வேண்டாம், அக்கா!"

அக்காவின் குரல் சட்டென்று இறங்கியது. "ஏன், பிள்ளை ஆரையும் விரும்புதோ?"

விமலநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம் அக்கா. இருபத்தஞ்சு வருசமா."

"உனக்கென்ன விசரோ? சாரங்காவுக்கு வயசே இருபத்திரண்டுதானே!"

"மகள் சாரங்கா இஞ்சை என்னோடைதான் இருக்கப் போறாள். படிக்க வாறது என்ரை மனிசி. அவவுக்கு மாப்பிள்ளை நான் இருக்கிறன்தானே!"

பக்கத்தில் நின்ற மனைவி ஜெயமலர் போனைப் பறித்தாள்.

"மச்சாள், மாப்பிள்ளையை விடுங்கோ. எனக்கு அந்த அறை மட்டும் காணும்!"