ஐந்தாவது பூட்டு

ஜூஜுவாடியில் எங்கள் கம்பெனியில் பெயிண்ட் காயவைக்கும் பெரிய ஓவன் உண்டு. பழுதுபார்க்க உள்ளே போகும் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டுப் போகவேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் ஓவன் எரியும்.

ஒருநாள் நான்கு பேர் போனோம், நான்கு பேரும் திரும்பி எங்கள் பூட்டுகளைக் கழற்றினோம். சுவிட்சில் ஐந்தாவதாக ஒரு பூட்டு தொங்கியது. சாவி யாரிடமும் இல்லை. லைன் ஒரு மணி நேரம் நின்றது. மனிதத் தவறு என்று எழுதி எங்களோடு உள்ளே வந்த ஃபோர்மேன் கரியப்பனை சஸ்பெண்ட் செய்ய, சேஃப்டி ஆபீசர் சௌமியா பேனாவைத் திறந்தபடியே வந்தார்.

"ஏங்க ரெண்டு பூட்டு மாட்டினீங்க?"

"இருக்கறதே ஒண்ணுதானுங்க மேடம். அதோட சாவியவே மாசாமாசம் தொலைக்கிறேன்."

"அப்ப அறுங்க."

அறுக்குமுன் விதிப்படி உள்ளே டார்ச் அடித்தோம். பூட்டே மாட்டாமல் துடைக்கப் போயிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி சின்னராஜ் மூலையில் மயங்கிக் கிடந்தார். அவரைத் தூக்கி வந்ததும் பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

சௌமியா சஸ்பென்ஷன் கடிதத்தைக் கிழித்தார். 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

நேற்றுக் காலை ஒருவரும் உள்ளே போகவில்லை. ஆனால் அந்தப் பூட்டு மறுபடி சுவிட்சில் பூட்டியிருந்தது. மூலைமூலையாகப் பார்த்தோம், ஆளில்லை.

"அறுக்கட்டுங்களா மேடம்?" என்றார் கரியப்பன்.

"வேணாங்க," என்றார் சௌமியா. "உள்ள இருக்கறவரு வெளிய வரட்டும்."